வின்னி கொடுத்த சுக்கினிக்காய்கள்

ஷெஃபீல்டில், மலைச்சரிவில் நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத்தில் வினிஃப்ரெட் ஆக்ஸ்லியின் துண்டு நிலமும் என்னுடையதும் ஒரே வேலியின் இரு பக்கம். வின்னி முப்பது வருஷம் கரண்டித் தொழிற்சாலையில் மெருகு போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு கடைக் காய்கறி அவர் சமையலறைக்குள் நுழைந்ததே இல்லை. தக்காளியோ, சுரை இனத்துச் சுக்கினியோ, விதையைக்கூடத் தன் காய்களிலிருந்தே எடுத்துக் காயவைத்துக்கொள்வார். எதையும் எறிய மனம் வராது. முட்டைக்கோஸ் தண்டும் சூப்பில் விழும்.

அந்த ஆகஸ்டில் ஐந்து வாரம் மழையே இல்லை. ஒரு புதன்கிழமை மதியம் நான் பீன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால், வின்னி தன் கொட்டகை வாசலில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தாங்கினேன். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன சாப்பிட்டீங்க வின்னி?"

"சுக்கினிதான். தக்காளி, வெங்காயம் போட்டு இங்கேயே அடுப்புல வதக்கினேன். கசந்துச்சு."

"கசந்ததை எதுக்குத் தின்னீங்க?"

"பின்ன? குப்பையில கொட்டவா?"

ஆம்புலன்ஸில் வந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். 'கசந்தது' என்றதும் அவள் வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினாள்.

"கசக்குற சுக்கினியில விஷம் இருக்கும். வேகவச்சாலும் போகாது. வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த வின்னி என் சட்டையைப் பற்றினார். "காலையில நாலு வீட்டுக்குக் கொடுத்தேன் கோலின். ஹில்டா, அந்தப் புதுத் தம்பதி, டெஸ்மண்ட், அப்புறம் பாஷ்லி. இங்க நிக்காத. ஓடு!"

ஓடினேன். ஹில்டா வீட்டில் காய்கள் கழுவாமல் கூடையிலேயே இருந்தன. புதுத் தம்பதி ஒரு துண்டை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, கிழவி மனம் நோகக் கூடாதென்று காய்களை ஒளித்து வைத்திருந்தார்கள். டெஸ்மண்ட் வெட்டிப் போட்ட பலகையிலிருந்தே வாரிக்கொண்டேன்.

கடைசி வீடு பாஷ்லியுடையது. அந்தத் தெருமுனையில் திரும்பியபோதுதான் நினைவு வந்தது: இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. உப்பைச் சர்க்கரை என்றாலும் நம்புவார். கசப்பும் அவருக்குத் தெரியாது.

கதவைத் தட்டினேன். காது மந்தம், திறக்கவில்லை. தபால் துளை வழியாகச் சூப் மணம் வந்தது. பின்பக்கச் சுவரேறிக் குதித்தேன். முழங்கால் கிழிந்தது. ஜன்னலுக்குள் பாஷ்லி மேசைமுன் உட்கார்ந்து, கரண்டியை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அறைந்தேன். அவர் திடுக்கிட்டதில் சூப் மடியில் கொட்டியது.

"அட பாவி, சுட்டுருச்சே!"

"குடிச்சீங்களா?" பின்கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து கத்தினேன்.

"எங்க குடிக்க விட்ட!"

நான் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினேன். நெடுநேரம் அந்தக் கசப்பு போகவில்லை. பானையைச் சாக்கடையில் கவிழ்த்தேன். "முழுசா ரெண்டு வேளைச் சாப்பாடு!" என்று பாஷ்லி பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார். அவருடைய படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வின்னிக்கு நான்கு நாள் நரம்பில் திரவம் ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் மருத்துவர் விளக்கினார். பக்கத்தில் தின்ன ஆகாத, கசப்பான அலங்காரச் சுரை பூத்தால், அதன் மகரந்தத்தைத் தேனீக்கள் சுக்கினிப் பூவில் சேர்த்துவிடும். அந்தப் பூ காய்த்து, அதிலிருந்து எடுத்த விதையில்தான் அடுத்த வருஷம் இந்தக் கசப்புக் காய் வரும்.

போன வருஷம் வேலி முழுக்க அந்தச் சுரையைப் படரவிட்டவன் நான், காய்கள் பார்க்க அழகு என்று. அன்று மாலையே வின்னியின் கட்டிலருகே நின்று அதைச் சொன்னேன். வின்னி தலையை என் பக்கம் திருப்பினார்.

"விதை எடுத்தது நான். கசப்பை முழுங்கினதும் நான். ஆனா அந்தக் கோமாளிக் கொடி மறுபடி என் வேலியில ஏறுச்சுன்னா, உன்னையே வெட்டி அதுக்கு எருவாப் போட்டுருவேன்."

வீடு திரும்பிய வாரமே, நான்கு வீட்டுக்கும் தானே நடந்துபோய் மன்னிப்புக் கேட்டார். பாஷ்லிக்கு மட்டும் ஒரு பானை சூப்பும் கொண்டுபோனார், வெங்காய வகையான லீக்ஸ் போட்டது. பாஷ்லி சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண்தான் திறந்தார்.

"முதல்ல நீ குடி."

வின்னி வாசலில் நின்றபடியே மூன்று கரண்டி குடித்தார். அதன் பிறகுதான் சங்கிலி கழன்றது.