செம்புத் தகடு

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் அலுவலக ரேக்கில், நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் பெட்டி ஒன்றைப் பொருத்தப் போயிருந்தேன். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டதால் வாங்கியிருந்தார்கள்.

கூடவே நின்றவர் ஃபோர்மேன். வெள்ளைச் சட்டை, வெறுங்கால், கருகிய ஒற்றைப் புருவம். 'செட்டு' என்று அங்கே சொல்லும் வெடிமருந்து அறைகளின் வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். மருந்தே இல்லாத ஏசி அறையிலும், ரேக்கின் எர்த் கம்பியைத் தொட்ட பிறகே அருகில் வந்தார். எனக்கு மரியாதை வந்தது.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் கேட்டார்: "செட்டுல இருக்க கேமரா நின்னு போனா இது காட்டிக் குடுத்துருமோ?"

"உடனே இன்சூரன்ஸுக்கு மெசேஜ் போயிரும் அண்ணாச்சி."

"போகாம இருக்க?"

ரிப்பேர் சமயத்தில் மெசேஜை நிறுத்திவைக்கும் வழியைக் காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, எல்லா செட்டுக்கும் அவரே நிறுத்தினார். பிறகு போனில் யாரிடமோ கேமரா ஒயர்களைப் பிடுங்கச் சொன்னார்.

"சீசன் தம்பி. ரூமுக்கு நாலு பேருதான்னு சட்டம். இம்புட்டு ஆர்டரை நாலு பேரு முடிப்பாகளா?"

கிளம்பும்போது, காலையில் கேமரா ஒயரைச் சோதித்தபோது செட்டு வாசலில் மறந்துவிட்ட டெஸ்டரை எடுக்க ஷூவோடு போனேன். பின்னாலிருந்து கத்தினார்.

"ஏலே, நில்லு! தகட்டத் தொடாமப் போறியே, உள்ள எம்புட்டு உசுரு இருக்குன்னு தெரியுமாலே?"

ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்தினார். நடிப்பில்லை, நிஜமான பயம்.

எத்தனை உயிர் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே கேமராக்களைப் பிடுங்கச் சொன்னார்?