கல்லில் ஏறிய நைனா

இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தாலும் என்னை "முனுசாமி!" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது எங்கள் நைனா பெயர். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில், மிச்சமிருக்கிற துண்டு நிலத்தில் கீரை போட்டுக்கொண்டு சிவனே என்றிருக்கிற மனுஷனை, இங்கே நர்சம்மா ஊசி போடக் கூப்பிடுகிறாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரைப் போட்டதால் வந்த வினை. வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது.

என் அண்ணன் சேகரும் நான் இருக்கிற இதே வெளிநாட்டு ஊரில்தான் வேலை பார்த்தான். சந்தைக்குக் காய் வாங்கப் போனவன், பயங்கரவாதிகள் வைத்த குண்டில் போய்விட்டான். இறந்தவர்களுக்காக நகரசபை சதுக்கத்தில் ஒரு சுவர் எழுப்பிப் பெயர்களைக் கல்லில் வெட்டியது. திறந்த அன்றே ஓடிப்போய்த் தேடினேன். சேகரைக் காணோம். "எஸ். முனுசாமி" என்று இருந்தது. அடப்பாவிகளா! செத்தது பிள்ளை, கல்லில் அப்பா. படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சென்னீர்குப்பத்துச் சித்தப்பா அரைகுறையாகப் பார்த்துவிட்டு, நைனாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

மாலையைப் பார்த்துச் சிரித்த நைனா, போனில் என்னிடம் அழுதுவிட்டார். "நான் செத்துப் பூட்டேன்னு எழுதிக்கினா எழுதிக்கட்டும்மா. எம் புள்ள பேரு எங்க? அவன் அங்க கீறான்னு யாருக்குத் தெரியும்?"

விடுவேனா? நகரசபைக்குப் போனேன். அதிகாரி அம்மாள் நல்லவள்தான்.

"குடும்பப் பெயரைத்தானே எழுதியிருக்கிறோம்?"

"எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அது என் அப்பா."

"ஐயோ, அப்பாவும் இறந்துவிட்டாரா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த லீவில் ஊருக்குப் போனதும், அந்த அம்மாளை வீடியோவில் பிடித்து, நைனாவை முன்னால் உட்காரவைத்தேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"வணக்கம்மா. நான்தான் முனுசாமி. உங்க கல்லுல கீறவன். உசுரோடதான் கீறேன், நல்லா பாத்துக்கோ. போனவன் பேரு சேகரு."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் மெதுவாக, "சேக்கார்" என்றாள்.

"அக்காங். அதான் எம் புள்ள," என்றார் நைனா.

போன வாரம் கல்லை மாற்றினார்கள். நான் நைனாவை வீடியோவில் வைத்துக்கொண்டே போனேன். பெயரைப் பார்த்ததும், "ஜெயிச்சிட்டோம் நைனா!" என்று சதுக்கமே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். துக்கம் தாங்காமல் அலறுகிறேன் என்று நினைத்து, ஒரு வெள்ளைக்காரம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக நானும் கட்டிக்கொண்டேன்.

"இன்னா போட்டுக்கீது? படி," என்றார் நைனா.

"எம். சேகர்."

"எம்முன்னா?"

"இனிஷியல். அது நீதான் நைனா."

பாரிவாக்கத்தில் நைனா தோள் துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்:

"அப்ப செரி. அங்க புள்ளைக்குத் தொணையா ஒரு எழுத்து கீறேன். மீதி இங்க கீறேன்."