காரைத் தெருவுக்குத் தள்ளிய விறகு

காற்றில் விழுந்த மாமரத்தை என் கணவர் வெட்டி, கார் ஷெட் முழுக்க விறகாக அடுக்கிவிட்டார். கார் தெருவில் மழையில் நனைந்தது. ஷெட்டில் எலி, தேள், கரையான். "யாருக்காவது கொடுத்துத் தொலைங்களேன்" என்று தினமும் கத்துவேன். "கெடக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார்.

எங்கள் கார் மறித்ததால் எதிர்வீட்டு மலையாளிப் பெரியவரால் தன் காரை எடுக்க முடியவில்லை. தினமும் எங்கள் கேட் அருகே வந்து நிற்பார். "எந்தா மோளே, இது வழியோ, ஷெட்டோ?" கணவர்மேல் இருந்த எரிச்சலில், ஒருநாள் பெரியவர் முகத்துக்கு நேரே கதவைப் படாரென்று சாத்தினேன்.

அந்த வாரமே, விடாத மழையில், அவர் இறந்துபோனார். வீட்டுத் தோட்டத்தின் தெற்கு மூலையில் தகனம். இந்தக் கேரளத்து ஊரில் சிதைக்கு மாவிறகுதான் வேண்டும். வெளியே கிடைத்ததெல்லாம் ஈரம். அவர் மகன் எங்கள் வாசலில் தயங்கி நின்றான்.

"சேச்சி, ஷெட்டில உள்ள மாவிறகு தருமோ? அச்சனுக்காக்கும்."

நானும் சேர்ந்து சுமந்தேன்.

மறுநாள் கணவர் காரை உள்ளே விட்டார். எதிர்வீட்டு கேட் வரை தெரு காலியாகக் கிடந்தது. "வழிதான் அங்கிள்" என்று சொல்ல எனக்கு அப்போதுதான் வாய் வந்தது.