ஒரே எண்ணில் இருவர்

பிழைச் செய்தி என்று ஏதாவது வந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். பட்டாபிராமில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, அண்ணி தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பைத்தான் நிரல்மொழி வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் பேருந்தில் இருக்கை ஒதுக்கும் வேலையை ஃபாதரிடம் தானாகவே கேட்டு வாங்கி, அதற்கென ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார். பெயரைக் கொடுத்தால், பட்டியலாகப் பயன்படும் டிக்‌ஷனரியில் இருக்கை எண்ணோடு சேர்த்து வைக்கும். "ஓடுது தம்பி, ஆனா ஆளு கொறையுது. இன்னா மாயம்னே தெர்ல" என்றார்.

மென்பொருள் வேலைக்காரன் என்ற மிதப்போடு லூப்பைப் பார்த்தேன், ரிட்டர்ன் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலைத் திரையில் காட்டும்படி பிரிண்ட் போட்ட பிறகுதான் விளங்கியது. எங்கள் பங்கில் தடுக்கி விழுந்தால் ஒரு மேரி. டிக்‌ஷனரியிலோ ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். பின்னால் வந்த மேரி முன்னால் இருந்தவளை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். வழியும் அவரே சொன்னார்: "பேருக்குப் பதிலா போன் நம்பர வெச்சிக்கலாம். ஒர்த்தருக்கு ஒண்ணுதானே?" எனக்கும் சரியென்றே பட்டது. கைக்கு வந்த சில மேரிகளை வைத்துச் சோதித்தோம், ஒருத்தியும் தொலையவில்லை.

கோயிலைக் கூட்டும் பெரியம்மாவிடம் போன் கிடையாது. போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுப்பது எங்கள் பக்கம் சாதாரணம். அவரும் அப்படித்தான் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் அதே பேருந்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஒரே நம்பர் என்பதால் பின்னால் வந்த அவர் பெயர் பெரியம்மாவின் பெயரை அழித்துவிட்டது. பெரியம்மாவின் இருக்கை காலியென்று காட்ட, கடைசி நேரத்தில் வந்த யாருக்கோ போய்விட்டது. மகன் குடியை விட்டதற்காக, மாதா கோயில் மணலில் முட்டிபோட்டு நடப்பதாக அவருக்கு நேர்ச்சை. பட்டியலில் பெயர் இல்லை என்றதும் யாரையும் எதுவும் கேட்காமல், பையோடு வீடு திரும்பிவிட்டாராம். பேருந்தின் முன் இருக்கையில் இருந்த அண்ணிக்கு இது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தவரிடம், "உடு கண்ணு, மாதா அட்த்த வருசம் கூப்புடுவா" என்றிருக்கிறார் பெரியம்மா. அடுத்த திருவிழாவுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். நினைத்தால் எனக்கே மனசு ஆறவில்லை.

அண்ணி இப்போது அம்பத்தூரில் வேலைக்குப் போகிறார். என்னைவிட நன்றாக நிரல் எழுதுகிறார். பேருந்து இருக்கைகளை இன்றும் அவர்தான் ஒதுக்குகிறார். எல்லோரையும் ஏற்றிவிட்டு, தான் மட்டும் ஏறாமல் கீழேயே நின்றுவிடுகிறார். இந்த முறை காரணம் கேட்டுவிட்டேன்.

"நான் மட்டும் போய் நின்னா, எங்கடி அவ, அப்டின்னு மாதா கேப்பா தம்பி. இன்னான்னு சொல்றது?"