ஒரே காய்க்கு நாலு லேபிள்

புனே பக்கம் போசரியில் ஊறுகாய் எக்ஸ்போர்ட் யூனிட். அங்கே உப்புத் தொட்டி வேலை பார்த்தவன் நான். வீட்டில் போடுகிற எண்ணெய் ஊறுகாய் இல்லை. விரல் அளவு வெள்ளரிப்பிஞ்சை உப்புத் தண்ணியில் ஊறப்போட்டு, வினிகரோடு பாட்டிலில் அடைக்கிற வேலை.

புது மேனேஜர் வந்தார். புனேயிலேயே வானவடி ஏரியாக்காரர், நம்ம தமிழர்தான். ஒரு நாள் தனியாகத் தொட்டிக்கிட்ட வந்தார்.

"உப்பைப் பாதியாக் குறைச்சிடும்யா. அப்புறம் உப்பைக் கழுவி எடுக்குற நேரம் மிச்சம்."

"காய் கொழகொழத்துடும் சார்."

"சொன்னதைச் செய்யும்யா."

செய்தேன். கொழகொழத்தது.

லண்டன் ஆர்டர். அங்கே இதுக்குக் 'கெர்க்கின்' என்று பேர். ஏஜென்ட் வந்து ஒன்றைக் கடித்தார். நறுக்கென்று சத்தம் வரணும். வரவில்லை. துப்பிவிட்டுப் போனார்.

மேனேஜர் தொட்டிப் பக்கமே வரவில்லை. "அமெரிக்காவுல இது 'பிக்கிள்'. சலோ, லேபிளை மாத்து" என்றார். அமெரிக்காக்காரனுக்கும் பல் இருந்தது. அடுத்து, பொடியாக நறுக்கிச் சர்க்கரை போட்டு 'ரெலிஷ்'. அதையும் எவனும் தொடவில்லை. கடைசியில் முட்டைக்கோஸ், கடுகு, மஞ்சள் சேர்த்து 'சௌ சௌ'. படித்த மூளை அவ்வளவுதான் ஓடியது.

மூடி போட்டு லேபிள் ஒட்டுகிறது மேரி அக்கா. பக்கத்து நிக்டியில் வாடகை வீடு. அந்த வீட்டில் சம்பாதிக்கிறது அவர் ஒருத்தர்தான்.

"இதுல சௌசௌ எங்க சார் இருக்கு?"

"அமெரிக்காவுல தெக்குப் பக்கம் இதுக்கு அதான் பேரு. ஒட்டும்மா."

"பேரு எந்தப் பக்கமோ சார், நாத்தம் இந்தப் பக்கம்தான் வருது."

லைனே சிரித்தது. மேனேஜர் முகம் சுண்டிப்போச்சு.

அந்தச் சரக்கும் திரும்பி வந்தது. முதலாளி இறங்கி வந்து கத்தினார். மேனேஜர் அக்காவைக் காட்டினார். "இந்தம்மா மூடி ஒழுங்காப் போடல சேட்ஜி. நிப்பாட்டிடலாம்."

அக்கா கையில் இருந்த மூடியைக் கீழே வைத்தார்.

நான் தொட்டியில் கைவிட்டு ஒரு காயை எடுத்து நீட்டினேன். "இது இன்னும் பாட்டிலையே பாக்கல சேட்ஜி. கடிச்சுப் பாருங்க."

கடித்தார். சத்தம் இல்லை.

"உப்பை யார் குறைச்சது?"

"நான்தான். சார் சொன்னார்."

"நான் எப்பய்யா சொன்னேன்?" என்றார் மேனேஜர், கூசாமல்.

கேட்ட சாட்சி யாரும் இல்லை, சேட்ஜி மேனேஜரைத்தான் நம்பினார்; அக்கா வேலை போனது. என்னை லோடிங்குக்குத் தள்ளினார்கள். ரிட்டயர் ஆகிறவரை மூட்டைதான்.

புதுசாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று. மேலே இருக்கிறவன் தனியாக வந்து காதோரம் சொன்னால், செய்யாதே. லைனுக்குக் கூட்டிட்டு வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. பாதிப் பேர் அங்கேயே வாயை மூடிக்குவாங்க.