ஒன்பது புள்ளி போட்ட தாளும் கொரியப் பிள்ளைகளின் இறுவட்டும்

முதலில் ஒரு கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொரியப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பாட வராது என்று நான் எழுதிக் கொடுத்ததாகவும், அதனால் அவளைப் பாட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றும் லண்டன் ரூட்டிங் பகுதிக் கடைகளில் சொல்லிக்கொள்கிறார்கள். பூசை முடிந்து வரும்போது ஒரு பெண்மணி என் முகத்துக்கு நேரேயே கேட்டார். நான் அப்படி எழுதவில்லை. அந்தப் பாட்டுக் குழுவின் ஐந்து பேரில் உண்மையாகப் பாடத் தெரிந்தவள் அவள்தான். ஆனால் அவர்களுடைய இறுவட்டில், அதாவது சிடியில், அவளுடைய குரல் இல்லை, அதற்குக் காரணம் நான் புள்ளி போட்ட தாள். இவை இரண்டும் உண்மை. எப்படி இரண்டும் உண்மையாகும் என்பதைப் போன வழியோடு சேர்த்து எழுதுகிறேன். அந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கும் கொரியக் கடைக்கும் எப்படிப் போவது என்று கேட்டுப் பல பிள்ளைகள் இந்தப் பக்கத்துக்கு எழுதியிருப்பதால், நேரமும் கட்டணமும் சரியாகவே தருகிறேன்.

இந்த 2009ஆம் ஆண்டு எங்கள் வீடுகளில் யாரும் பாட்டுப் போடவில்லை. ஊரில் போர் முடிந்த விதத்தை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. இந்த வருடம்தான் வீட்டில் அமைதி தாங்க முடியாததாக இருந்தது. செப்டெம்பரில் திருமதி ஹான் தொலைபேசியில் அழைத்தார். நியூ மோல்டனில் கொரியப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், விம்பிள்டன் மாதா கோயிலில் எனக்குப் பழக்கம். சியோலிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்திருக்கிறது, ஒரு ஆங்கிலப் பாட்டைப் பதிவு செய்கிறார்கள், சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்டுப் புள்ளி போட ஒருவர் வேண்டும் என்றார். நான் முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைகளுக்குப் பரீட்சகராக இருந்தவள் என்பது அவருக்குத் தெரியும். செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று நாள். ஒப்புக்கொண்டேன்.

கோலியர்ஸ் வுட்டில் காலை 8.10க்கு நிலக்கீழ் ரயிலின் நோர்தர்ன் பாதையில் ஏறினேன். பாங்க் நிலையம் வழியாகப் போகும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். லண்டன் பிரிட்ஜ் வரை இருபத்துநான்கு நிமிடம். அங்கே ஜூபிலி பாதைக்கு மாற வேண்டும். நகரும் படிகள் நீளம், நடுவில் நிற்காதீர்கள், ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். ஃபின்ச்லி ரோட்டில் எதிர்மேடைக்கு மாறி மெட்ரோபொலிடன் வண்டி பிடித்தால் அடுத்த நிறுத்தமே வெம்பிளி பார்க். ஐந்து நிமிடம் மிச்சம். நான் 9.20க்கு இறங்கினேன். முதியோர் அட்டை இருப்பதால் எனக்குக் கட்டணம் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் எடுப்பவர்களுக்கு நான்கு பவுண்.

நிலையத்திலிருந்து கூடம் ஒன்றரை மைல். பஸ் இல்லாத பக்கம், மினிகாப் வாடகைக் காருக்கு ஐந்து பவுண். ஓட்டுநர் நம்மவர், சேகரன் என்று பெயர். முகவரியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அன்ரி, வடிவாப் பாத்து எழுதினனியளே? அங்கை டயர் கடையும் வெங்காய ஸ்ரோரும்தான் இருக்கு."

"நான் பாக்காமல் எழுதுற ஆள் இல்லை. கொரியன் பிள்ளையள் பாடுற இடம்."

"கொரியன் பிள்ளையளோ! என்ரை மூத்தவள் கேட்டால் காரை விட்டு இறங்கமாட்டாள். நாள் முழுக்கக் கொம்பியூட்டரிலை அதுகளின்ரை ஆட்டம்தான். எத்தினை பேர், அஞ்சோ ஒன்பதோ?"

"அஞ்சு."

"அப்ப நீங்கள் ஆறாவதே?"

மூன்று நாளும் அவரையே அழைத்தேன். நேரத்துக்கு வருவார்.

உள்ளே போனதும் திருமதி ஹானின் பெறாமகள், சகோதரியின் மகளான மிஸ் யூன், விதிகளைச் சொன்னாள். இங்கே படிக்கிற பிள்ளை, நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளர். இறுவட்டு வெளிவரும்வரை எதுவும் வெளியே போகக்கூடாது, ஆகவே பிள்ளைகளின் பெயர்கள் எனக்குத் தெரியத் தேவையில்லை, இலக்கம் மட்டும். நான் அவர்களோடு பேசக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டு, ஒவ்வொருத்திக்கும் ஒரு தாளில் இருபதுக்குப் புள்ளி போட வேண்டும். மாலை ஐந்தரைக்குத் தாள்கள் ஃபேக்ஸில் சியோலுக்குப் போகும்.

பாட்டு எப்படிப் பதிவாகிறது என்று நான் நினைத்திருந்தேனோ, அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் பாட்டு என்றால் நின்று, மூச்செடுத்து, தொடங்கி, முடிப்பது. இங்கே பத்து மணி முதல் ஒரு மணிவரை ஒரே வரி. எண்ணினேன், நாற்பத்தேழு தரம். பிறகு ஒலிப்பதிவாளர் பன்னிரண்டாவதிலிருந்து பாதியையும் முப்பதாவதிலிருந்து ஒரு சொல்லையும் எடுத்து ஒட்டினார். இடையில் கேட்ட மூச்சுகளைத் திரையில் தேடித் தேடி வெட்டினார். நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். மூச்சு விடாத பிள்ளை எங்கே இருக்கிறது? "அது சத்தம், மேடம்" என்றார். இறுவட்டின் அட்டைப்படம் முதல் நாளே எடுத்து முடிந்துவிட்டதாம். பாட்டு இன்னும் பிறக்கவேயில்லை. மிக உயர்ந்த சுரம் ஒன்றுக்கு வேறு ஒரு பெண் வந்து, பாடி, மேலங்கியை மாட்டிக்கொண்டு போனாள். அவள் யார் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்கள்.

அந்தப் பாட்டின் முதல் நான்கு வரிகள் நான்காம் இலக்கப் பிள்ளைக்கு. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், மழைக்கு முன் வா என்ற கருத்தில் போகும். இருபது வயதுகூட இராது. மற்றவர்கள் சொற்களைத் தங்கள் எழுத்தில் எழுதிவைத்து அப்படியே பாடினார்கள். இவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று மிஸ் யூனிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றேன்.

"இதை யாருக்குச் சொல்கிறேன் என்று கேட்கிறாள். போனவருக்கா, இன்னும் வராதவருக்கா என்று."

எனக்குப் பேச அனுமதியில்லை. அவள் சற்று யோசித்துவிட்டு, நான்கு வரியையும் நிறுத்தாமல் ஒருமுறை பாட விடும்படி கேட்டாள். ஒலிப்பதிவாளர் தோளைக் குலுக்கினார். பாடினாள். போனவருக்குத்தான் பாடினாள் என்பது எனக்கு விளங்கியது. என் பேனை மேசையில் கிடந்தது. அந்த வருடத்தில் முதல்முறையாகப் பாட்டு என்று ஒன்றைக் கேட்டேன்.

பிறகு பேனையை எடுத்துப் பதினொரு பிழை குறித்தேன். இருபதில் பதினொன்று போக ஒன்பது.

இதை விளக்க வேண்டும். எங்கள் மடத்தில் இரண்டு அளவுகோல் இருந்தன. சாதாரணப் பிள்ளைக்குப் பெரும் பிழைகளுக்கு மட்டும் புள்ளி குறைப்பார்கள்; பதின்மூன்று வாங்கி வீட்டுக்குப் போகலாம். பரிசுப் போட்டிக்கு அனுப்பக்கூடிய பிள்ளை என்று கண்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் குறைப்பார்கள். எனக்கு ஒருமுறை மதர் எட்டுப் போட்டார், வகுப்பே பொறாமைப்பட்டது. ஏன் அந்த எட்டு என்பது தாளின் மறுபக்கத்தில் இருக்கும். முன்பக்கம் புள்ளி, மறுபக்கம் அபிப்பிராயம். இதே முறையில்தான் என் வாழ்க்கை முழுவதும் நானும் திருத்தினேன். மற்ற நால்வருக்கும் அன்று பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் போட்டேன். அவர்களின் மறுபக்கம் வெறுமை. நான்காம் இலக்கத்தின் தாளில் மறுபக்கம் முழுவதும் எழுதினேன், முன்பக்கத்தின் அடியில் 'மறுபக்கம் பார்க்க' என்பதற்கு P.T.O. என்ற ஆங்கிலச் சுருக்கத்தையும் சிவப்பில் போட்டேன். இது புதன்கிழமை.

அன்று திரும்பும்போது சேகரன் கேட்டார், "எப்பிடி அன்ரி, பாடுதுகளே?"

"நாலாம் நம்பர் கெட்டிக்காரி. ஒன்பது போட்டிருக்கிறன்."

"பத்துக்கோ?"

"இருபதுக்கு."

வண்டி குலுங்கச் சிரித்தார். "கெட்டிக்காரிக்கு ஒன்பதோ! ஐயோ அன்ரி, நீங்கள் எனக்கு லைசென்ஸ் ரெஸ்ற் எடுத்திருந்தால் நான் இப்பவும் சைக்கிள்தான்." அந்த ஒன்பதைத்தான் அவர் ஊருக்குச் சொன்னார். கெட்டிக்காரி என்றதை வழியில் எங்கோ விட்டுவிட்டார்.

வியாழனன்று நான்காம் இலக்கம் உள்ளே போகவேயில்லை. மேலங்கியைக் கழற்றாமல் நாள் முழுவதும் சாய்கதிரையில் இருந்தாள். இரண்டாம் இலக்கம் ஏதேதோ வரிகளைப் பாடிக்கொண்டிருந்தது, இவளுடைய வரிகளும் அதில் வந்தன. பிள்ளைக்குத் தடிமன், சளி பிடித்திருக்குமாக்கும், அதுவரை மற்றவள் பாடிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்றார்களே. மாலையில் போகும்போது அவள் எழுந்து, இடுப்புவரை குனிந்து எனக்கு வணக்கம் சொன்னாள். நான் தலையை அசைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் கடைசியில் திருமதி ஹான் இறுவட்டு வந்துவிட்டது என்றார். சனிக்கிழமை காலை 10.05க்கு கோலியர்ஸ் வுட்டில் 131ஆம் பஸ். விம்பிள்டன், ரெய்ன்ஸ் பார்க் வழியாக ஐந்து மைல் வரும், நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது. ஒயிஸ்டர் பயண அட்டைக்கு ஒரு பவுண், காசுக்கு இரண்டு. நியூ மோல்டனில் இறங்கினால் கொரிய எழுத்துப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே சரியான இடம் என்று தெரியும். இறுவட்டு பதினைந்து பவுண். தடித்த படப்புத்தகத்தோடு பெட்டி போல வருகிறது. அட்டையில் நடுவில் நிற்பது நான்காம் இலக்கம். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கடையிலேயே போடச் சொன்னேன்.

முதல் வரி வந்தது. இரண்டாம் இலக்கத்தின் குரல். நான்கு வரியும் அவளே. பாட்டு முடியும்வரை நின்று கேட்டேன். நான்காம் இலக்கத்தின் குரல் எங்கும் இல்லை. திருப்பிப் போடச் சொன்னேன், இல்லை. நடுவில் நிற்கும் முகத்துக்குப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. திருமதி ஹான் அரிசி மூட்டையின் மேல் என்னை இருத்தித் தண்ணீர் தந்தார்.

சனிக்கிழமைகளில் மிஸ் யூன் அங்கே உதவிக்கு வருவாள். அவளைக் கேட்டேன், ஏன் என்று. முதலில் தரையைப் பார்த்தாள்.

"உங்கள் தாள், மேடம். எங்கள் நாட்டில் இருபதுக்கு ஒன்பது என்றால் தோல்வி. சியோலில் அன்றே முடிவெடுத்துவிட்டார்கள்."

"மறுபக்கத்தை வாசித்தார்களா?"

"எந்த மறுபக்கம்?"

"மறுபக்கத்து மை ஊறித் தெரிந்திருக்குமே!"

"தெரிந்தது. உங்கள் சொந்தக் குறிப்பு என்றும், அந்த P.T.O. உங்கள் பெயரின் முதலெழுத்துகள் என்றும் நினைத்தேன். ஃபேக்ஸ் ஒரு பக்கம்தான் எடுக்கும்."

மூலத்தாள்கள் அவளுடைய கோப்பில் இருந்தன. மேல்மாடிக்கு ஓடிப்போய் எடுத்து வந்து, அங்கேயே நின்று வாசித்தாள். நான் எழுதியது இவ்வளவுதான்: சொல்லின் பொருளைக் கேட்டவள் இவள் ஒருத்தியே. பதினொரு பிழையும் ஒரு வாரத்தில் திருந்தும். மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இவளிடம் இருக்கிறது, அதற்கு எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியவில்லை. தொடக்க வரிகளை எக்காரணத்துக்காகவும் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

வாசித்து முடித்ததும் மிஸ் யூன் வாயைப் பொத்திக்கொண்டாள். திருமதி ஹான் அவளைக் கொரிய மொழியில் ஏசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் நிறுத்தச் சொன்னேன். தவறு மிஸ் யூனுடையது மட்டும் அல்ல. என் அளவுகோல் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. தாளை யார், எங்கே, எப்படி வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்கவும் இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை தாள்கள்? எத்தனை பேர் மறுபக்கம் பார்த்தார்கள்? இந்தக் கேள்வி அன்று அரிசி மூட்டையில் இருந்தபோதுதான் முதல்முறை வந்தது.

அன்றே இரண்டு பக்கத்தையும் கடையிலிருந்து ஃபேக்ஸில் சியோலுக்கு அனுப்பினோம். திங்களன்று பதிவுத் தபாலில் கடிதமும் போட்டேன். இன்று மூன்று வாரம். பதில் இல்லை. இறுவட்டு நன்றாக விற்றால் சில பாட்டுகளைத் திரும்பப் பதிந்து இரண்டாவது தடவை வெளியிடுவது அவர்கள் வழக்கம் என்றும், மேடையில் வரிகளை மாற்றிக் கொடுப்பதும் உண்டு என்றும் மிஸ் யூன் சொல்கிறாள். அவள் குரல் திரும்பி வர அது ஒன்றுதான் வழி.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறுகளில் ஜூபிலி பாதையில் வேலை நடக்கிறது, முதல் நாளே விசாரியுங்கள். கூடத்துக்குப் போய்ப் பயனில்லை, வெளியே பலகைகூடக் கிடையாது, உள்ளே விடமாட்டார்கள். நியூ மோல்டன் கடைக்குப் போங்கள். பதினொரு மணிக்குப் பிறகு நெரிசல். எங்காவது உங்களை அபிப்பிராயம் எழுதச் சொன்னால், ஒரு பக்கத்திலேயே எழுதி முடியுங்கள்.

நம் பொறியியலாளர்கள் சிலர் கொரியாவில் வேலை செய்துகொண்டு இந்தப் பக்கத்தை வாசிப்பதாக அறிகிறேன். அவர்களிடமும், அந்தக் குழுவைக் கணினியில் பார்க்கும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். அவர்கள் மேடையில் அந்த ஆங்கிலப் பாட்டைப் பாடும்போது முதல் நான்கு வரிகள் யாருடைய குரல் என்று கவனியுங்கள். யாருடைய வாய் அசைகிறது என்பதை அல்ல, குரலை. தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பார்த்த இடமும் திகதியும் இட்டு, உங்கள் பெயரோடு, எழுத்தில் பதில் தாருங்கள்.