அத்தை விட்டுக்கொடுத்த உரிமை

டாக்டரம்மா வரைந்த தாள்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்; காது கேளாமல் பிறந்தவர்களுக்கு உள்ளே மை நிரப்பிய கறுப்பு. எங்கள் வீட்டுத் தாளில் ஒரு கறுப்புக் கட்டம், என் தம்பி. அத்தை வீட்டுத் தாளில் இரண்டு கறுப்பு வட்டங்கள், அவளுடைய பெண்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்; அந்தப் பெருமை என் நடையிலேயே தெரிகிறதென்று தாராவியில் கேலி செய்வார்கள். பிறவிச் செவிடு பரம்பரையாக வருவதை ஆராய வந்த மராத்தி டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. வீடு வீடாகக் கேட்டு அவருக்கு இந்தியில் சொல்வது என் வேலை.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் கணவர் என் அம்மாவின் அண்ணன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். மாமா காலமானபின் அந்த வீட்டில் அவள் சொல்தான். காது நன்றாகக் கேட்கும் அவள் மூத்த மகனுக்குத்தான் நான் என்று, நான் பிறந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். “படிச்ச மருமவ வாரா, இனி எனக்கு இங்கிலீசுல சோறு போடுவா” என்று குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

தனித்தனி அடுப்பு என்பதால் இரண்டு வீடுகளையும் இரண்டு குடும்பங்களாகவே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுத்தறியாத அத்தைதான் தாள்களை வாங்கிப் பார்த்தாள்.

“ஏட்டி, ரெண்டுலயும் மேல இருக்கது யாரு?”

தாத்தாக்களும் ஆச்சிகளும் என்றேன்.

“இங்கயும் அவுக, அங்கயும் அவுக. பொறவு என்னத்துக்கு ரெண்டு தாளு? ஒரே வீடுல்லா?”

அதை இந்தியில் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெற்றோருக்குக் காது கேட்டாலும் இந்தக் குறை அவர்களுக்குள் ஒளிந்திருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அது பிள்ளைகளிடம் வெளிப்பட வாய்ப்பு அதிகம். ஆனால் நிச்சயமென்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். நான் மொழிபெயர்த்தது என் கல்யாணத்தைப் பற்றி.

அத்தை ஒன்றுதான் கேட்டாள். “அப்ப, புள்ளத்தாச்சியா இருக்கப்ப கெரகணத்தன்னைக்கு நான் வெளிய வந்ததால இல்லையா?”

இல்லை என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கையின் உரிமையை மறுக்கும்படி அப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் காலை அத்தையே வந்தாள். “அண்ணே, ஒம்ம மவ எங்களுக்கு வேண்டாம். படிச்ச திமிரு ஜாஸ்தி. வேற எடம் பாரும்.” வெளியே வந்தவள் என் கையைப் பிடித்து, “காரணத்த வெளிய விட்டுராத. பொறவு ஒன்னைய எவன் கட்டுவான்? ஒனக்கும் எம் மவனுக்கும் வேற வேற எடத்துல கல்யாணம் முடியட்டும்” என்றாள். அன்றோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்தினார். என் கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை.

டாக்டரம்மாவோடு இன்றும் வீடு வீடாகப் போகிறேன். கேட்டுத் தலையாட்டுபவர்கள் உண்டு. கேட்டபடி நடந்து, அதற்காகத் தன் அண்ணனையும் நல்ல பெயரையும் இழந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

போன மாதம் அவள் மகனுக்கும் வெளியில் பெண் எடுத்துக் கல்யாணம் முடிந்தது. “இனிச் சொல்லிக்கோ” என்றாள். எழுதினேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நேற்று நானே இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தங்கை வீடு இருக்கும் சந்துப் பக்கமாக நடந்தார்.